நாமினி வள்ளிநாயகி

திருத்தணியை அடுத்த ஓர் ஒன்றியப் பள்ளியில் வள்ளிநாயகி சத்துணவு அமைப்பாளர். இருபத்தைந்து வருட சர்வீஸ். அவளுக்கு யாரோடும் ஒத்துப்போகாது என்பது ஊருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மாற்றலாகி வரும் தலைமையாசிரியர்கள் அவளைப் பற்றி விசாரித்துக்கொண்டுதான் பள்ளிக்குள் காலெடுத்து வைப்பார்கள். ஒருமுறை சிறுத்த முட்டைகளை இறக்கப் பார்த்த வண்டிக்காரனிடம் நூற்றிருபது முட்டைகளையும் அட்டையோடு திருப்பி ஏற்ற வைத்து, உன் வீட்டுப் பிள்ளைக்கு இதைக் கொடுப்பாயா என்று கேட்டாள். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு முட்டை இல்லை. ஏன் என்று கேட்டுவந்த தாய்மார்களை, ஒன்றிய அலுவலகத்தில் போய்க் கேளுங்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் அனுப்பிவைத்தாள். மறுவாரத்திலிருந்து நல்ல முட்டை வந்தது. பதினாறு வருடமாக அவளுக்குக் கீழே சமையல் வேலை பார்க்கும் கௌரியம்மாள், டீச்சரம்மாவுக்கு வாய்தான் மோசம், கை சுத்தம் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அந்த வாயையும் கையையும் ஒருசேரச் சோதித்துப் பார்த்தது ஓர் இங்கிலீஷ் வார்த்தை. வங்கியில் தினமும் நூறு தடவை புழங்கும் வார்த்தைதான். நாமினி.

வள்ளிநாயகிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் முடிவதற்குள் தாய் போய்விட்டாள். தகப்பன் அதற்கும் முன்பே இல்லை. தம்பி கதிரவனுக்கு அப்போது பதினோரு வயது. அவனைப் பள்ளிப்பட்டுக்கு, தன் புருஷன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். நான்காவது மாதம் புருஷன், ஒன்று உன் தம்பி, இல்லையென்றால் நான் என்றான். அவள் அன்று மாலையே ஒரு தகரப்பெட்டியோடும் தம்பியோடும் திருத்தணி பஸ் ஏறினாள். கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழை வாங்கிக் கொடுத்துத்தான் சத்துணவு வேலை கிடைத்தது. கைவிடப்பட்டவள் இல்லை, கைவிட்டவள் என்று எழுத முடியுமா என்று தாலுகா அலுவலகத்தில் சண்டை பிடித்ததாகவும் சொல்லுவார்கள்.

தம்பியை ஐடிஐ வரை படிக்க வைத்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ்ஸில் போய்வருவான். முதல் போனஸ் வந்ததும், அக்கா சொன்னபடி, அரக்கோணம் ரோட்டிலுள்ள வங்கியில் பிக்சட் டெபாசிட் போட்டான். கூட வள்ளிநாயகியும் போயிருந்தாள். படிவத்தில் ஓரிடம் வந்தபோது, நாமினி யார் என்று அங்கிருந்தவர் கேட்டார். "எங்க அக்கா பேரப் போடுங்க சார்" என்று கதிரவன் சொன்னான். அந்த இடத்தில் தமிழில் 'வாரிசு நியமனம்' என்று அச்சிட்டிருந்தது. பக்கத்தில் அவன் கையெழுத்தில்: வள்ளிநாயகி, தமக்கை.

வாரிசு. அவளை யாரும் எதற்கும் அப்படி எழுதியதில்லை. தாய் தகப்பனுக்குச் சொத்தே இல்லை, புருஷனுக்கு அவளே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அந்த ரசீதையும் ஒப்புகைச் சீட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். ஒவ்வொரு வருடமும் போனஸ் வர வர டெபாசிட் பெருகியது. ரசீது மட்டும் அவள் பீரோவில்தான்.

அம்மையார்குப்பத்தில் பெண் பார்த்ததும் அவள்தான். பவர்லூம் வைத்திருந்த சாமிநாதனின் மகள் சினேகா பி.காம். படித்திருந்தாள். வீட்டில் பாதித் தெலுங்கும் பாதித் தமிழும் பேசுகிற குடும்பம்; தகப்பனை நைனா என்றுதான் கூப்பிடுவாள். தட்டு மாற்றும்போது வள்ளிநாயகிக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கல்யாணமான இரண்டாவது மாதம், அதுவரை அக்காவிடமே இருந்த கதிரவனின் சம்பளக் கணக்கு ஏடிஎம் கார்டை சினேகா கேட்டாள். அண்ணி, இனிமேல் வீட்டுச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மரியாதையாகத்தான் கேட்டாள். வள்ளிநாயகி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கதிரவன் எழுந்துபோய் அக்காவின் கைப்பையைத் திறந்து, கார்டை எடுத்து மனைவியிடம் கொடுத்தான். அக்காவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. வருடம் திரும்புவதற்குள் இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டின் வாசற்படியை வள்ளிநாயகி மிதித்ததில்லை. குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். தொட்டிலிடும் நாளில் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கதிரவன் மகள் கயல்விழியைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வருவான். கறிக்குழம்பு சாப்பிடுவான். சில ஞாயிறுகளில் புதுப்பித்த ரசீதைக் கொண்டுவந்து கொடுப்பான். கடைசியாகக் கொண்டுவந்த அன்று அவள் அதை உறையில் போட்டபடியே, "வயசான காலத்துல எனக்கு இது போதும்டா" என்றாள். அவன் எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தான்.

போன வருடம் ஆனி மாதத்தில், காலை ஷிப்டுக்கு கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு பைக்கில் கிளம்பியவன், கனகம்மாசத்திரம் தாண்டி ஒரு டிப்பர் லாரியில் மோதி இறந்துபோனான். முப்பத்தெட்டு வயது.

உடலை எந்த வீட்டில் இறக்குவது என்பதிலேயே சண்டை தொடங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது. சினேகா வாடகை வீட்டு வாசலில் மயங்கிக் கிடந்தாள். வள்ளிநாயகி வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். வாடகை வீட்டுக்காரர், பிணத்தை உள்ளே விட யோசித்தார். கடைசியில் சாமிநாதன்தான் சரி என்று தலையாட்டினார். அக்கா வீட்டில் இறக்கினார்கள். சினேகா தன் புருஷனுக்கு மாலை போட, தான் வெளியேறிய வீட்டுக்குள் வரவேண்டியதாயிற்று. காரியச் செலவு அத்தனையும் வள்ளிநாயகி செய்தாள். ஒருவர் தந்த பணத்தையும் வாங்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து எல்லாரும் கலைந்தபின், சாமிநாதன் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை போட்டிருந்த டெபாசிட் ரசீது உங்களிடம் இருப்பதாக சினேகா சொன்னாள் என்று ஆரம்பித்தார். கம்பெனிப் பணம் வர நாளாகும், குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டும் என்றார்.

"எங்கிட்டதான் இருக்குது. என் பேர்லதான் இருக்குது" என்றாள் வள்ளிநாயகி.

"உங்க பேர்ல இல்லீங்களே, நாமினிதானே நீங்க?"

அவள் பீரோவைத் திறந்து உறையை எடுத்து, ஒப்புகைச் சீட்டை அவர் மடியில் வைத்தாள். 'வாரிசு நியமனம்' என்ற எழுத்துக்குக் கீழே விரலை வைத்தாள். தமிழ் படிக்கத் தெரியுமில்லையா என்று கேட்டாள். அவர் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

மறுவாரமே அவள் வங்கிக்குப் போனாள். டெபாசிட் பகுதியில் மோனிகா என்ற இளம் அதிகாரி இருந்தாள். இறப்புச் சான்றிதழ், ஆதார், ரசீது எல்லாவற்றையும் சரிபார்த்தாள். எந்தத் தடையும் சொல்லவில்லை. நாமினிக்குத் தருவதுதான் வங்கியின் கடமை என்றாள். ஒரு படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போடும் முன் இந்தப் பத்தியைக் கொஞ்சம் விளக்குகிறேன் என்று தொடங்கினாள். அது இங்கிலீஷில் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியும் என்று வள்ளிநாயகி பேச்சை வெட்டினாள். அவளுக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியாது. கையெழுத்துப் போட்டாள். ஏழு லட்சத்து நாற்பதாயிரம் அவள் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

அதிலிருந்து ஒரு ரூபாய்கூட அவள் எடுக்கவில்லை. செலவழிக்க அவளுக்கு எதுவும் இல்லை. கார்டை எடுத்துக்கொண்டு போனவர்கள் கையில் இது மட்டும் இல்லை என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது. அதை அவள் கௌரியம்மாளிடம் சொல்லவும் செய்தாள். கௌரியம்மாள் பருப்பைக் கடைந்துகொண்டே, குழந்தை பாவம் என்று முணுமுணுத்தாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை வள்ளிநாயகி.

தெருவில் பேச்சு வேறு மாதிரி நடந்தது. தகப்பனில்லாப் பிள்ளையின் காசை அத்தைக்காரி விழுங்கிவிட்டாள் என்று சினேகா குழாயடியில் சொன்னதாக வந்து சொன்னார்கள். புருஷனைத் தின்றவள் பேசுகிறாளா என்று வள்ளிநாயகி பதில் சொல்லி அனுப்பினாள். சொன்னபிறகு அவளுக்கே அந்த வார்த்தை கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தது, பள்ளிக்கூட விலாசத்துக்கு, பதிவுத் தபாலில். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது தபால்காரர் கையெழுத்துக் கேட்டார். தொகையை வட்டியோடு சட்டப்படியான வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டும், தவறினால் வழக்கு. வாரிசு என்ற சொல்லைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வார்த்தை தன் பீரோவில் இருக்கிறது என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

சினேகா வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருப்பது தெரிந்து தாலுகா அலுவலகத்துக்குப் போனாள். ஆட்சேபம் எழுதிக் கொண்டுபோயிருந்தாள். அங்கிருந்த வருவாய் ஆய்வாளர் பொறுமையான மனிதர். கணினியைத் திருப்பிக் காட்டினார். இறந்தவர் பெயருக்குக் கீழே இரண்டே பெயர்கள். சினேகா, மனைவி. கயல்விழி, மகள்.

"எம் பேரு?"

"நீங்க கூடப் பொறந்தவங்கம்மா. பொண்டாட்டி புள்ள இருக்கிற ஆளுக்கு அக்கா வாரிசுல வரமாட்டாங்க."

அவள் ஒப்புகைச் சீட்டைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். இது வங்கிக்காரர்கள் போட்டுவைத்த தமிழ், இங்கிலீஷில் நாமினி, அதற்கு யாரோ வாரிசு நியமனம் என்று பெயர்த்துவிட்டார்கள், இதை வைத்துக்கொண்டு தினமும் நாலு பேர் வந்து சண்டை போடுகிறார்கள் என்றார். அவள், படிவத்தில் பொய்யா அச்சடிப்பார்கள் என்று குரலை உயர்த்தினாள். பக்கத்து மேசைகளில் வேலை நின்றது. ஆட்சேபத்தை வாங்கி முத்திரை வைத்துக் கொடுத்தார். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அந்த முத்திரை விழுந்த சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்தது.

வழக்கறிஞர் சிவப்பிரகாசம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அலுவலகம் வைத்திருந்தார். ஜெயிக்கும் வழக்கு என்று எண்ணித்தான் அவரிடம் போனாள். அவர் காகிதங்களையெல்லாம் பார்த்துவிட்டு நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னாள்.

"வாரா வாரம் முட்டை வருதில்ல? வாங்கினதா யாரு கையெழுத்து போடறது?"

"நான்தான்."

"முட்டை யாருதும்மா?"

பிள்ளைகளுடையது என்றாள்.

"அவ்ளோதான் நாமினி. ஆள் போயிட்டா பேங்க் யார்கிட்ட குடுக்கறதுன்னு முழிச்சிகினு நிக்கக்கூடாது. அதுக்கு ஒரு கை வேணும். அந்தக் கை நீங்க. வாங்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்குது. வச்சிக்கறதுக்கு இல்ல."

வங்கியில் அவள் கையெழுத்துப் போட்ட பத்தியிலும் இதைத்தான் எழுதியிருக்கும், வாரிசுகளின் சார்பில் பெற்றுக்கொள்கிறேன் என்று இருக்கும் என்றார் அவர். வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் எப்போது என்பது உங்கள் கையில் கொஞ்சம் இருக்கிறது, இழுத்தால் ஏழெட்டு வருடம் இழுக்கலாம் என்றார். அதை அவர் யோசனையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இழுங்க" என்றாள்.

நோட்டீசுக்கு ஒரு சுற்றி வளைத்த பதில் போயிற்று. டெபாசிட்டில் அவளுடைய சம்பளப் பணமும் இருந்ததாக அதில் எழுதியிருந்தது. அது பொய். அவள் சொல்லி அவர் எழுதியது. கையெழுத்துப் போடும்போது, வங்கியில் போட்டதைப்போல வேகமாகப் போட முடியவில்லை. ஆனால் போட்டாள்.

அந்தப் பதில் போன பத்தாம் நாள், திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு புகார் பதிவாயிற்று. அந்தப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் முட்டையும் பருப்பும் வெளியில் விற்கிறார் என்று. புகார் கொடுத்தவர் பெயர் சாமிநாதன், அம்மையார்குப்பம். மூன்று பேர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அரிசி மூட்டைகளை நிறுத்தார்கள். எண்ணெய்ப் பாக்கெட்டுகளை எண்ணினார்கள். ஆறு வருடப் பதிவேடுகளை மேசையில் பரப்பினார்கள். பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, தினமும் முட்டை தருகிறார்களா என்று கேட்டார்கள். வள்ளிநாயகி சமையல்கூடத்து வாசலில் நின்றபடியே இருந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. மாலை வரை பார்த்தும் ஒரு முட்டை குறையவில்லை. அதிகாரிகளில் மூத்தவர் போகும்போது, இந்த மாதிரி பதிவேடு நான் பார்த்ததில்லை என்று பாராட்டினார். அவள் அந்தப் பாராட்டைக் காதில் வாங்கவில்லை. இருபத்தைந்து வருடத்தில் அவளை யாரும் திருடி என்று சொன்னதில்லை.

ஜீப் போனதும் கைகூடக் கழுவாமல் நடந்தாள். ஏழு வருடமாக மிதிக்காத அந்த வாடகை வீட்டு வாசலில் போய் நின்றாள். சாமிநாதன் நாற்காலியில் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார். சினேகா வெளியே வந்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

முட்டை திருடி நேரிலேயே வந்திருக்கிறேன், பார்த்துக்கொள் என்றாள் வள்ளிநாயகி. சினேகா அழவில்லை. மனு கொடுத்தது தப்புதான், நைனா என்னிடம் கேட்கவில்லை, ஆனால் கொடுத்தது தெரிந்தபிறகு நானும் திரும்ப வாங்கச் சொல்லவில்லை என்றாள். நீங்கள் மட்டும் பதில் நோட்டீஸில் நிஜமா எழுதினீர்கள் என்று கேட்டாள்.

வள்ளிநாயகி தன்னிடமிருந்த பெரிய ஆயுதத்தை எடுத்தாள். கல்யாணத்துக்கு முந்தி எழுதினதை விடு, ரெண்டு வருடத்துக்கு முன்னே புதுப்பித்தபோதும் அவன் என் பேரைத்தானே வைத்தான், நீ இருந்தாய், உன் பெண் இருந்தாள், ஏன் மாற்றவில்லை என்று கேட்டாள். தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

சினேகா குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்குப் பயந்துகினுதான் அண்ணி. பேர மாத்தினா நீங்க பார்த்துடுவீங்கன்னு பயம். ஞாயித்துக்கிழமை உங்க வூட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னால மூணு வாட்டி சட்டைய மாத்துவாரு. அதுவாவது தெரியுமா உங்களுக்கு?"

வாழ்க்கையில் அநேகமாக முதல் தடவையாக, வள்ளிநாயகி ஒரு சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பயம் என்ற வார்த்தை அவளைத் தூங்கவும் விடவில்லை, சமைக்கவும் விடவில்லை. மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வங்கிக்குப் போனாள். கதிரவன் கடைசியாக எழுதிக்கொடுத்த காகிதத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். பொய் சொல்லுகிறாள் அந்தப் பெண் என்று நிரூபிக்க ஏதாவது அதில் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மோனிகா கோப்பை எடுத்துவந்தாள். நாமினியை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு நேராக, வேண்டாம் என்று குறித்திருந்தான். கீழே கையெழுத்து, கடைசி எழுத்து சரிந்து. அவன் கைதான்.

இதில் அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டாள். மோனிகா கொஞ்சம் யோசித்தாள். அன்றைக்கு அந்தக் கவுண்டரில் இருந்தது தான்தான் என்றாள். கல்யாணமாகிவிட்டதே சார், நாமினி அக்காவாகவே இருக்கிறதே, மாற்றுகிறீர்களா என்று தானாகவே கேட்டதாகவும், அதனால் என்ன வித்தியாசம் என்று அவன் கேட்டதாகவும், அக்கா வாங்குவார்கள், ஆனால் அது உங்கள் மனைவிக்கும் மகளுக்கும்தான் சேரும் என்று விளக்கியதாகவும் சொன்னாள்.

"அதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

"அப்படின்னா அக்கா பேரே இருக்கட்டும்னாரு. எங்க வூட்ல கணக்கு தப்பாத ஆளு அவங்கதான், எம் பொண்ணுக்கு ஒரு ரூபா குறையாதுன்னாரு. அன்னிக்கு நீங்க வந்தப்போ இத்த சொல்லத்தான் பார்த்தேன்மா. நீங்க சொல்ல விடல."

மோனிகா ஆறுதலாகத்தான் சொன்னாள். கேட்டவர் அழுதாலும் அழலாம் என்று நினைத்து டம்ளரில் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். வள்ளிநாயகி அழவில்லை. அப்படியானால் அவனுக்குத் தெரியும் என்ற ஒன்றுதான் அவளுக்கு எட்டியது. வாரிசு இல்லை, வாங்கிக் கொடுக்கிறவள் என்று தெரிந்துகொண்டே அந்த ரசீதை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து அவள் கையில் கொடுத்திருக்கிறான். வயசான காலத்துக்கு இது போதும் என்று அவள் சொன்னபோது தெரிந்துகொண்டேதான் சிரித்திருக்கிறான். புருஷனைவிட்டு வந்து வளர்த்தவளுக்கு அவன் கொடுத்த இடமும் அரசாங்கம் கொடுத்த இடமும் ஒன்றுதான்: கையெழுத்துப் போடு, எண்ணிக் கொடு, உனக்கு ஒன்றுமில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றபடி செத்துப்போன தம்பியை மனசுக்குள் ஏசினாள். அவன் செத்ததிலிருந்து அவனை அவள் ஏசியது அதுதான் முதல்முறை. சினேகாவின் மேல் இருந்த கோபமெல்லாம் அதற்கு முன்னால் சின்னதாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து உறையை எடுத்து, ஒப்புகைச் சீட்டை நாலாகக் கிழித்தாள். இழுக்கலாம். ஏழெட்டு வருடம் இழுக்கலாம். ஆனால் அந்த ஜீப்பில் வந்தவர்கள் நாள் முழுக்கத் தேடியும் கிடைக்காத ஒன்று, இப்போது அவள் வங்கிக் கணக்கில் இருந்தது. ஏழு லட்சத்து நாற்பதாயிரம், பிள்ளையினுடையது, பதிவேட்டில் ஏறாமல். அதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தம்பி சொன்னான் என்பதற்காக இல்லை. அவன் சொன்னதை நினைத்தால் கொடுக்காமலிருக்கத்தான் தோன்றியது.

சிவப்பிரகாசத்திடம் போய், கொடுத்துவிடுகிறேன் என்றாள். எப்படிக் கொடுப்பது என்பதை அவளே சொன்னாள். பாதி மனைவி பெயருக்கு, பாதி மகள் பெயரில் பதினெட்டு வயது வரை எடுக்க முடியாத டெபாசிட்டாக. அவள் கணக்கில் கிடந்த மாதங்களுக்கு வட்டி. பதிலில் எழுதிய பொய்யைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம். சாமிநாதன் ஆட்சியர் அலுவலகத்தில், தான் கொடுத்த புகார் பொய் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அதைப் பார்த்தபிறகுதான் காசோலை. காரியச் செலவைக் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு என்று வழக்கறிஞர் சொன்னார்.

"எந்தம்பி சாவுக்கு நான் செஞ்சது அது. அதுல அவளுக்குப் பங்கு கிடையாது" என்றாள்.

ஐப்பசியில் ஒரு மழைநாளில் வங்கியில் எல்லாரும் கூடினார்கள். சாமிநாதன் தன் காகிதத்தின் நகலை நீட்டினார். வள்ளிநாயகி அதை வரிவரியாகப் படித்தாள். ஓரிடத்தில் தேதி விட்டுப்போயிருந்ததைக் காட்டி எழுதவைத்தாள். அவர் காதுமடல் சிவந்தது. காசோலையைக் கொடுத்துவிட்டு, முன்பே தட்டச்சுச் செய்து வைத்திருந்த ரசீதில் சினேகாவிடம் கையெழுத்து வாங்கினாள். வாரிசுகளின் பொருட்டு நாமினி பெற்ற தொகை முழுவதும் ஒப்படைக்கப்பட்டது என்று அதில் இருந்தது. நாமினி என்ற வார்த்தையைத் தமிழில் பெயர்க்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று தட்டச்சு செய்பவளிடம் சொல்லியிருந்தாள்.

குழந்தையின் டெபாசிட்டுக்கான படிவத்தை மோனிகா நிரப்பினாள். நாமினி யார் என்று கேட்க வேண்டிய இடம் வந்ததும் அவள் பேனா ஒரு கணம் நின்றது. சினேகா நிமிர்ந்து வள்ளிநாயகியைப் பார்த்தாள். என்ன நினைத்துப் பார்த்தாளோ தெரியாது. வள்ளிநாயகி குடையை எடுத்துக்கொண்டாள்.

"எம் பேர எழுதிடாத" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மார்கழியில் சினேகா வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு அம்மையார்குப்பத்துக்கே போய்விட்டாள். ஆர்.கே.பேட்டையில் ஒரு நூல் கடையில் கணக்கெழுதப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். போகும் அன்று கயல்விழி அத்தை வீட்டை நோக்கி ஓடிவந்தாள். பாதியில் சாமிநாதன் வந்து தூக்கிக்கொண்டு போனார். வள்ளிநாயகி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை.

இந்த ஆனியில் வருடத் திதி வந்தது. இரண்டு வீட்டிலும் படையல் போட்டார்கள், தனித்தனியாக. திருத்தணியில் ஐயர் எட்டு மணிக்கே வந்துவிட்டார். பத்தரைக்கு அம்மையார்குப்பத்தில் இருக்கவேண்டும், அதே ஆளுக்குத்தான் என்று கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார். சீக்கிரம் முடியுங்கள் என்றாள் வள்ளிநாயகி. தட்சிணையை வெற்றிலையில் வைத்துக் கொடுத்து, அங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

கௌரியம்மாள் அன்று லீவு போட்டுவிட்டு உதவிக்கு வந்திருந்தாள். படையல் எடுத்தபின் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கறிக்குழம்பு நிறைய மிஞ்சியிருந்தது. ஐயரிடம் ஒரு தூக்கில் கொடுத்தனுப்பியிருந்தால் குழந்தை சாப்பிட்டிருக்கும் என்று கௌரியம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

"ஐயரு எப்படி கறிக்குழம்பு தூக்கிகினு போவாரு? போதும், சாப்டு" என்று சொல்லி, அவள் இலையில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள் வள்ளிநாயகி.